நாலு சக்கரமும் இழுக்கிற வீடு

கியர் பெட்டியில் எண்ணெய் ஊற்றுவதற்கு முன் பரசுராமன் ஒரு சொட்டை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "இது ஏற்கெனவே ஓடுன எண்ண. வடிகட்டி விக்கிறான் பேமானி" என்று சொல்லி டப்பாவைத் தள்ளி வைப்பார். பிறகு வாய் கொப்பளித்துவிட்டு வெற்றிலை போடுவார்.

எளாவூர் சோதனைச் சாவடிக்கு அரை மைல் தெற்கே, கல்கத்தா சாலையின் ஓரத்தில் அவருடைய கொட்டகை. பகலில் பாதி நேரம் ஏதாவது ஒரு லாரியின் அடியில் படுத்திருப்பார். அதனால் அவருக்கு மனிதர்கள் முகத்தால் தெரிவதைவிடக் காலால் அதிகம் தெரியும். "குதிகால் வெடிச்ச ஆந்திரா வண்டி வந்துகீது", "கட்ட விரல் நகம் போனவன் வந்துகீறான்" என்று அடியிலிருந்தே குரல் வரும். முதல் நாள் நான் போய் நின்றபோது, "தோல் செருப்பு, வடக்கத்தி வாரு. நம்மூரு காலு இல்ல போலகீதே. யாரும்மா அது?" என்றார். மூன்று வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தேன். செருப்பு ஜெய்ப்பூரில் வாங்கியது.

நான் பார்க்கப் போனது கொட்டகையின் பின்னால் நின்ற வண்டியை. ராணுவம் கழித்துப் போட்ட பழைய சிறு லாரி. அதன் முதுகில் ஒரு மர வீடு. சுவரோடு மடித்து வைக்கும் கட்டில். ஓட்டத்தில் பாத்திரம் விழாதபடி விளிம்பு கட்டிய அலமாரி. மீன் கழுவத் தனியாக ஒரு தகரத் தொட்டி, தண்ணீர் கீழே வடிய ஒரு குழாய். ஜன்னலுக்குத் திரையாகப் பழைய வலைத்துண்டு.

அதைப் பார்க்க ஏறும் டிரைவர்கள் எல்லோரும் செருப்போடு ஏறுவார்கள். அவர்கள் இறங்கியதும் பரசுராமன் பனியன் துணியால் பலகையைத் துடைப்பார். ஒருவரிடம் முணுமுணுக்கவும் செய்தார்: "ஊட்டுக்குள்ள செருப்போட வர்றியே, ஒனக்கே நல்லாகீதா?" அந்த டிரைவர் சிரித்துவிட்டார். "இன்னா நைனா, லாரில எவனாவது செருப்பு கழட்டிக்கினு ஏறுவானா?" நானும் செருப்போடுதான் ஏறியிருந்தேன். நான் இறங்கியதும் என் செருப்புத் தடத்தையும் துடைத்தார்.

காபூல் பக்கம் வெள்ளைக்காரர்கள் பஸ்ஸையே வீடாக்கிக்கொண்டு வருவதைப் பார்த்ததாகச் சொன்னேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அதுல பொம்பளைங்க இருந்தாங்களா?"

"இருந்தாங்க."

"பாத்திரம் எங்க கழுவுனாங்க?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஊர் சுற்றி அதைக் கவனிக்காமல் வந்திருக்கிறாளே என்பது போல என்னைப் பார்த்தார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பரசுராமன் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர். பதினேழு வயதில் வலையை விட்டு ஓடி, ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றவர். மனைவி கங்கம்மா இன்னும் அந்தக் குப்பத்தில்தான் இருக்கிறார். வலை பின்னுகிறார், கருவாடு காய வைக்கிறார். சாலையோரக் கொட்டகையில் ஆறு மாதம் இருந்து பார்த்தவர்தான். லாரிக்காரர்கள் கண் எதிரில் குளிக்கவும் முடியாமல், புடவை உலர்த்தவும் முடியாமல் திரும்பிப் போய்விட்டார். பரசுராமனுக்கோ இன்றைக்கு எளாவூர், நாளைக்குப் பள்ளிப்பட்டில் நின்றுபோன கரும்பு லாரி. பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒரு பையோடு குப்பத்துக்குப் போய் வருவார். இப்படி ஆறு வருடம். பிள்ளைகள் இல்லை.

வண்டியிலேயே வீடு கட்டுவதாக அவர் சொன்னபோது கங்கம்மா மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான். குப்பத்துக்கும் சாலைக்கும் நடுவே ஒன்றரை மைல் மணல் கிடக்கிறது. "எவன் கையும் படாம அந்த மணலத் தாண்டி எங்க ஆத்தா ஊட்டு வாசலுக்கு வரட்டும். அப்பறம் ஏறுறேன்."

நான் வருவதற்கு முன்பே இரண்டு தடவை முயன்றிருந்தார். முதல் தடவை பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியாகவே போனார். பாதி தூரத்தில் புதைந்தது. குப்பத்து ஆண்கள் கயிறு கட்டி, கரைவலை இழுக்கிற மாதிரி பாட்டுப் பாடி இழுத்துச் சாலையில் விட்டார்கள்.

அதற்குப் பிறகுதான் முன்சக்கரங்களையும் இழுக்க வைப்பது என்று முடிவு செய்தார். கழித்துப் போட்ட ராணுவ ஜீப்புகளின் குவியலைக் கிளறி, பல்சக்கரம் உள்ள ஒரு முன் அச்சையும், இன்ஜின் விசையை முன்னும் பின்னும் பிரித்துக் கொடுக்கிற ஒரு பெட்டியையும் கொண்டுவந்தார். அந்த அச்சில் பல்சக்கரங்கள் அடங்கிய இரும்புக் குண்டு நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. பெட்டியிலிருந்து வரும் தண்டு மறுபக்கம். பரசுராமன் இரண்டு நாள் யோசித்தார். பிறகு அச்சைத் தலைகீழாகப் புரட்டி மாட்டினார். குண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. எண்ணெய் ஊற்றும் துளை அடியில் போய்விட்டதால் மேலே புதிதாக ஒன்று துளைத்தார்.

அவரிடம் ஜாக்கி இரண்டுதான். பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டைக் கழற்றிவிட்டு, முன்பக்கத்தை மட்டும் தூக்கி ஓட்டிப் பார்த்தார்கள். சக்கரம் சுற்றியது. வேடிக்கை பார்த்து நின்ற டிரைவர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். பரசுராமன் எல்லோருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார். சுற்றுகிறதா என்றுதான் எல்லோரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரும் பார்க்கவில்லை. வழக்கம் போல அடியில் மல்லாந்து படுத்திருந்த பரசுராமனும்.

பின் தண்டைத் திரும்ப மாட்டி, வண்டியை மணலில் இறக்கி, முன்சக்கரங்களையும் சேர்க்கிற நெம்புகோலைத் தள்ளியதும் பின்சக்கரங்கள் முன்னால் உந்தின, முன்சக்கரங்கள் பின்னால் உந்தின. வண்டி நகரவில்லை. அடைகாக்கும் கோழி போல இருந்த இடத்திலேயே இறங்கி உட்கார்ந்தது. கங்கம்மாவின் தம்பி சேகர் கயிறோடு ஓடிவந்தான். "வர்றியா போறியா மாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு, இழுக்கிறோம்!"

கங்கம்மா சக்கரங்களைச் சுற்றி வந்து பார்த்தாராம். "பின்னாடி சக்கரம் எங்கூட்டுக்கு வருது. முன்னாடி சக்கரம் ரோட்டுக்கு ஓடுது. உன்ன மாதிரியே கட்டிகீறய்யா" என்றாராம். இதை என்னிடம் சொல்லிவிட்டு, "கரீட்டாதான் சொன்னா. அச்சக் கவுத்தா சுத்துற பக்கமும் கவுந்துடும். மெக்கானிக் நானு, எனக்குத் தோணல பாரு" என்று பரசுராமன் வெகுநேரம் சிரித்தார். அப்புறம் வெற்றிலை போட மறந்துவிட்டார்.

அச்சை நிமிர்த்தினார். இந்த முறை தண்டு குண்டுக்கு நேராக வரும்படி பெட்டியைப் பக்கவாட்டில் நகர்த்தினார். அதற்கு இடம் விட்டதில் சமையல் மூலைத் தரையில் ஒரு முழ உயரத்துக்குத் திமில் மாதிரி ஒரு மேடு எழும்பியது. மாட்டி முடித்ததும் நாலு சக்கரத்திலும் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டார். ஜாக்கி இரண்டு இரவல் வாங்கி, நாலு சக்கரத்தையும் ஒன்றாகத் தூக்கி, இந்தத் தடவை நின்றுகொண்டு பார்த்தார்.

மாசி மாதம் ஒரு நாள் காலை என்னையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். மணல் தொடங்கும் இடத்தில் இறங்கி மணலில் புதையாமல் இருக்க டயரில் பாதிக் காற்றை வெளியே விட்டார். மறுபடி ஏறி நெம்புகோலைத் தள்ளினார். வண்டி முக்கியது, ஒரு பக்கம் சாய்ந்தது, ஒரு இடத்தில் நின்றேவிட்டது. கயிறோடு சேகர் ஓடிவருவது தெரிந்தது. "தொடாத! தொடாதடா!" என்று கத்தினார். பின்னால் கொஞ்சம் எடுத்து மறுபடி முன்னால் விட்டார். நாலும் சேர்ந்து பிடித்தன. தாழை வேலியைத் தாண்டி, காய்கிற வலைகளை விட்டு ஒதுங்கி, மாமியார் வீட்டு வாசலில் நின்றது.

கதவைத் திறந்து இறங்கிய பரசுராமன் யாரையும் பார்க்கவில்லை. நேராக வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். "எண்ண கசியுதா பாக்குறேன்" என்றார். நான் குனிந்து பார்த்தேன். அவர் பார்த்துக்கொண்டிருந்தது எண்ணெயை அல்ல, வாசல் பக்கத்தை.

நீல வார் ரப்பர் செருப்பு, ஒரு வாரில் ஊக்கு, இரண்டாவது விரலில் மெட்டி. அந்தக் கால்கள் வந்தன. வண்டியை ஒரு முறை மெதுவாகச் சுற்றின. ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் நின்றன. பின்பக்கப் படியருகே வந்து வெகுநேரம் நின்றன. பிறகு செருப்பு மட்டும் மணலில் இருந்தது. மேலே பலகை கிறீச்சிட்டது.

"இன்னாய்யா இது, அடுப்பாண்ட ஒட்டகத்தப் படுக்கப் போட்டுகீற?" என்று தலைக்கு மேலே குரல் கேட்டது.

பதினோரு மணி வெயிலில் மணல் கொதித்துக்கொண்டிருந்தது. பரசுராமன் அடியிலிருந்து கையை நீட்டி, அந்தச் செருப்பு இரண்டையும் ஒவ்வொன்றாக நிழலுக்குள் இழுத்து வைத்தார்.