கூரையில் ஏறாத அன்டனா

யுத்தம் நடந்த நாட்களில், கண்டியிலிருந்த எங்கள் சிறிய அலுவலகத்துக்கு எந்த இன்டர்நெட் இணைப்பு சரிவரும் என்று சொல்ல ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் வந்தார். மெலிந்த உடம்பு, கசங்காத சட்டை. நிமிடத்துக்கொருமுறை சட்டைப் பையைத் தொட்டு, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"கூரையில அன்டனா பூட்டினா வேகமாமே? அதையே போடுங்க," என்றேன்.

"ஓம், வேகம்தான். எனக்கும் அதிலதான் கமிசன் கூட. ஆனா செக்கிங்குக்கு வாற ஆமிக்காரருக்கு, தமிழாக்கள் பூட்டின அன்டனா இன்டர்நெட்டுக்குத்தான் எண்டு ஆர் விளங்கப்படுத்துறது? மெதுவெண்டாலும் டெலிபோன் லைனே எங்களுக்குக் காணும், ஐயா."

வடக்கில் அல்ல, இந்த மலைநாட்டுத் தெல்தோட்டையில் பிறந்த எனக்கென்ன பயம் என்று கோபம் வந்தது. ஆனாலும் லைனுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன்.

அவரை அதன்பின் காணவில்லை. ஒவ்வொரு பக்கமும் ஊர்ந்து ஊர்ந்து திறக்கும்வரை திரையைப் பார்த்தபடி பொறுமையிழந்து உட்கார்ந்திருப்பேன். அதற்குள் என் கை இரண்டு தடவை சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்திருக்கும்.