மண்ணில் நின்ற காய்

சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், விழுப்புரத்திலிருந்து மெட்ராஸ் போகும் பஸ்ஸில் அந்த மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வேட்டியை வயிற்றில் இறுக்காமல் தளரக் கட்டியிருந்தார். மடியிலிருந்த அவித்த வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, உரித்து உரித்து எனக்கே கொடுத்தார். தான் ஒன்றுகூடத் தின்னவில்லை.

"வயித்துல புத்துநோவுங்க," என்றார். "ஆரம்பந்தான்னு வாய் வழியா குழாய் வுட்டு எடுத்துட்டாங்க. இப்ப ஓரத்துல கொஞ்சம் நின்னுபோச்சாம். வயித்த அறுத்து பாதிய எடுக்கணும்னு மெட்ராஸ் ஆஸ்பத்திரில கூப்புட்றாங்க."

"எடுத்துடறதுதானே நல்லதுங்க?" என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களா? மல்லாட்டைச் செடிய புடுங்கினாலும் மண்ணுல காய் நின்னுக்கினுதான் இருக்கும். அப்படியே வுட்டா அடுத்த மழைக்கு மொளைச்சுக்கும். ஆள வுட்டு கொத்திப் பொறுக்கணும்."

இன்னொரு காயை உரித்து என் கையில் வைத்தார்.

"நெலம்னா கொத்து தாங்கும்ங்க."

திண்டிவனத்தில் டீக்கு நிறுத்தினார்கள். இறங்கிப் போனவர், கண்டக்டர் விசில் ஊதியும் வரவில்லை. பஸ் திரும்பும்போது பார்த்தேன். விழுப்புரம் போகும் பஸ்ஸின் படிக்கம்பியைப் பிடித்தபடி, ஏறாமல், எங்கள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கடைசியில் எந்தப் பஸ்ஸில் ஏறினாரோ, தெரியாது. அவர் உரித்துக் கொடுத்த பருப்பு மெட்ராஸ் வரை என் உள்ளங்கையிலேயே இருந்தது.