இரண்டு பக்கமும் மஞ்சள் ரிப்பன்

கட்டினேன் அல்லது கட்டவில்லை, இரண்டில் ஒன்றை ஹக்சூ சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைதான் நேரம்.

பத்து நாளைக்கு முன் தேகூ நகரத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் தனியாக மலையேற வந்தார். சிகரத்துக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் வலதுபக்கம் வழிகாட்டக் கட்டிய ஒரு மஞ்சள் ரிப்பனைப் பார்த்து அந்தப் பக்கம் திரும்பினார். அந்தப் பக்கம் வழியே கிடையாது. சரிவில் உருண்டு கணுக்கால் முறிந்தது. தீயணைப்புக்காரர்கள் கயிறு கட்டித் தூக்கினார்கள். ரிப்பனில் ஹக்சூவின் பெயர் அச்சடித்திருந்தது.

"அந்த ஆளு கோவமாப் பேசியிருந்தாக்கூடப் பரவால்லண்ணே," என்றான் பியோங்ஹோ. மலையேறும் குழுவுக்கு இப்போது அவன்தான் தலைவன். "ஹக்சூ ரிப்பனாச்சேன்னுதான் போனேன், அவர் கட்டினதான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கன்றாரு. ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நாங்க பாத்துக்கறோம்."

ஹக்சூவுக்கு எழுபது வயது. முப்பத்தொரு வருடம் இந்த மலையடிவாரத்து ஊர்களில் தபால் கொடுத்தவர். கதவு எண் இல்லாத வீடுகளுக்கெல்லாம் கடிதம் சேர்த்தவர். ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கும்போது வேறொரு மலையில் வழி தப்பி ஐந்து மணிநேரம் சுற்றினார். யாரோ முகம் தெரியாதவர் கட்டிவிட்டுப்போன சிவப்பு ரிப்பன் ஒன்று அவரைச் சாலைக்குக் கொண்டுவந்தது. அடுத்த வாரமே தன் பெயரில் ஐந்நூறு மஞ்சள் ரிப்பன் அச்சடித்தார். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் குழுவுக்கு முன்னால் நடப்பதும், பாதை பிரியும் இடங்களில் ரிப்பன் கட்டுவதும் அவர் வேலையாகிவிட்டது. மனைவி கேட்பாள், "உங்க பேரை மரத்துக்கு மரம் எழுதி வைக்கணும்னு என்ன ஆசை?" அடுத்த கட்டு ரிப்பனைப் பையில் எடுத்து வைப்பார். ஆசைதான்.

இந்தச் சனிக்கிழமை யாருக்கும் சொல்லாமல் கிளம்பினார். பேருந்து நிறுத்தத்தில் மல்சூன் நின்றுகொண்டிருந்தாள். சந்தையில் தொடுகறிக் கடை வைத்திருப்பவள், குழுவில் பதினைந்து வருடமாக அவருக்குப் பின்னால் நடப்பவள்.

"நீ எதுக்கு வந்த?"

"தாகத்துக்குக் கடிக்க வெள்ளரிக்கா தூக்க ஆள் வேணாமா?"

மழை பெய்து நாற்பது நாள் ஆகியிருந்தது. பாறை உதிர்ந்த பரல் மணலில், செருப்புக்கடை முழுக்கத் தேடி வாங்கிய நல்ல காலணியும் வழுக்கியது. ஓக் சருகுகளுக்கு அடியில் கல் எது குழி எது என்று தெரியவில்லை. செங்குத்தான இடங்களில் கையையும் ஊன்றி ஏறினார்கள். மல்சூனின் பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"பியோங்ஹோ தலைவனானதுலருந்து நடக்கிறதே இல்லண்ணே. போட்டோ எடுக்கறான். போன வாரம் பாறைக்குப் பாறை நின்னு எடுத்தான். கடைசியில என் முதுகு மட்டும் இருபத்தேழு வந்திருக்கு."

"நல்ல முதுகுதானே."

"அத உங்க வீட்டுக்காரம்மா முன்னாடி சொல்லுங்க பாப்போம்."

பிரியும் இடத்துக்கு வந்தார்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய தீயில் இங்கிருந்த கவட்டைப் பைன் மரம் எரிந்து, பிறகு அதை வெட்டிவிட்டார்கள். அது இருந்தவரை யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை. இப்போது இரண்டு பக்கமும் ஒரே கருகிய புதர், ஒரே வெளிறிய பாறை. இடதுபக்கக் கிளையில் ஒரு மஞ்சள் ரிப்பன். வலதுபக்கக் கிளையிலும் ஒன்று.

ஹக்சூ வலதுபக்க முடிச்சைத் தடவிப் பார்த்தார். இரண்டு சுற்று, முனையை உள்ளே செருகி ஓர் இழுப்பு. தபால் பை கட்டும் முடிச்சு.

"உங்க முடிச்சுதானா?"

"என் முடிச்சுதான்."

"அப்ப நீங்கதான் கட்டுனீங்களா?"

தீக்குப் பிறகு, போன வசந்தத்தில், மலை முழுக்கத் தனியாக ஏறி எரிந்துபோன ரிப்பன்களுக்குப் பதில் புதிது கட்டினார். அது உண்மை. அதே மாதம் எழுபதாவது பிறந்தநாள் விருந்தில் எல்லோருக்கும் ஆளுக்கொரு கட்டு ரிப்பன் கொடுத்தார், அரிசிக் கள் உள்ளே போன உற்சாகத்தில் நாற்காலிக் காலில் முடிச்சுப் போட்டும் காட்டினார். அதுவும் உண்மை. இருபது பேர் பார்த்தார்கள்.

"எனக்கு இன்னைக்கு வரைக்கும் அது வரல," என்றாள் மல்சூன். "பியோங்ஹோவுக்கு வரும். அன்னைக்கே மூணு தடவ போட்டுக் காட்டினான்."

பியோங்ஹோதான் என்று நினைத்துப் பார்த்தார். சற்று நேரம் நன்றாக இருந்தது. பிறகு அவன் குரலில் இருந்த கூச்சம் ஞாபகம் வந்தது. கட்டியவன் அப்படிக் கேட்பானா? கட்டியவன்தான் அப்படிக் கேட்பானோ?

வலதுபக்கம் நடந்தார். பதினைந்து எட்டில் இன்னொன்று. அதற்கப்பால் மூன்றாவது. எல்லாம் அவருடைய தோள் உயரத்தில். பியோங்ஹோவும் கிட்டத்தட்ட அதே உயரம். மூன்றாவது ரிப்பன் ஓர் இளஞ்சிவப்புப் பூப்புதரில் இருந்தது. புதருக்கு வலப்பக்கம் நிலம் இல்லை. பரல் மணல் நேராகக் கீழே போனது. ஆசிரியர் வழுக்கிய தடம் இன்னும் அழியவில்லை.

இங்கே நான் வந்ததே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. திடமாகவே தோன்றியது. அந்த நிம்மதியில் புதரைச் சுற்றிப் போய், பின்பக்கம் இருந்த தட்டைக் கல்லில் உட்கார்ந்தார்.

"அங்க கல்லு இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள் மல்சூன்.

"என்ன?"

"இங்கருந்து பாத்தா கல்லே தெரியல. நீங்க பாக்காமக் குந்திட்டீங்க."

அவர் கல்லைப் பார்த்தார். கால் தானாக வந்ததா, புதருக்கு இடையில் கண் பார்த்துவிட்டதா? மலையில் திரிபவனுக்கு உட்காரும் இடம் தெரியத்தானே செய்யும்? எழுந்து மறுபடி புதருக்கு முன்னால் போய் நின்று பார்த்தார். கல் கொஞ்சம் தெரிவதுபோலவும் இருந்தது.

கைபேசியை எடுத்துப் பியோங்ஹோவைக் கூப்பிட்டார்.

"சொல்லுங்கண்ணே. கட்டுனீங்களா?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"முடிச்சு என்னுது. இடம் என்னுது இல்ல. கல்லுல உக்காந்துட்டேன். தெரியலப்பா."

"என்ன கல்லு? அண்ணே, ஒண்ணு ஆமாங்கணும், இல்ல இல்லங்கணும். வாத்தியார்கிட்டப் போயி நான் தெரியலன்னா சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். நம்பர் அனுப்பு. நானே சொல்லிக்கிறேன்."

பியோங்ஹோ தாழ்ந்த குரலில், "நான் கட்டல அண்ணே," என்றான்.

"நான் கேக்கவே இல்லியே."

வலதுபக்க மூன்று ரிப்பன்களையும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். பிரியும் இடத்துக்குத் திரும்பியதும் இடதுபக்க ரிப்பன் முன்னால் நின்றார்.

"இதுதானே வழி?"

மல்சூன் சிரித்தாள். அவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "இதுதாண்ணே. என் பின்னாடி வாங்க."

மலையில் ஒருவர் முதுகைப் பார்த்து நடப்பது அவருக்குப் புதிதாக இருந்தது. அவள் கால் வைத்த இடத்தில் கால் வைத்தார். வெள்ளரிக்காய்ப் பை அவள் இடுப்பில் இடித்துக்கொண்டே போனது. அகலமான மொட்டைப் பாறை ஒன்று வந்தது. மரமும் இல்லை, ரிப்பனும் இல்லை. பாறையில் ஏறி வலப்புறம் கை காட்டிவிட்டு அவள் திரும்பி அவரைப் பார்த்தாள், பதினைந்து வருடமாகப் பார்ப்பதுபோல. அவர் தலையாட்டினார். அவள் வலப்புறமாக எட்டு வைக்கப் போனாள்.

"மல்சூன், நில்லு."

நின்றாள்.

"தலையாட்டிட்டேன். ஆனா எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல. நீங்க ஆட்டுனதாலதான் போனேன்."

அவர் மெல்லப் பாறையில் ஏறி அவளுக்குப் பக்கத்தில் நின்றார். வெயில் ஏறியிருந்தது. அவள் வலப்புறம் பார்த்தாள், அவர் இடப்புறம் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து இருவரும் பக்கம் மாற்றிக்கொண்டு பார்த்தார்கள்.