தாணம்மாள் தக்கலை வழி போனது

தேரூருக்கு அடுத்த எங்கள் ஊரில் பகவதியப்பனைப் போல வண்டி ஓட்ட ஆள் கிடையாது என்று அவர் செத்த அன்று எல்லோரும் சொன்னார்கள். செத்த வீட்டில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் பகவதியப்பன் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார். ஓட்டியது அவர் பெண்சாதி தாணம்மாள் மாமி. ஊர் எல்லை வரும்போது மாமி அவரைத் தட்டி எழுப்பிக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஆம்பிளைக்கு மரியாதை வேண்டுமே. பதினெட்டு வருஷம் இப்படி ஓடிற்று. இதைக் கண்டுபிடிக்க ஊராருக்கு நேரம் கிடைக்கவில்லை. எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த எனக்கு நேரம் நிறைய இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் பகவதியப்பனின் தம்பி பொன்னுலிங்கம் வந்தார். வண்டியையும் காளையையும் அவிழ்த்துக்கொண்டு போகத்தான் வந்தார். வந்த இடத்தில் துக்கமும் விசாரித்தார்.

"மைனி, பொம்பள ஒத்தைக்கு வண்டி அடிக்கப் போனா நாலு பேரு என்ன சொல்லுவான்? வண்டி எங்கிட்ட நிக்கட்டும். வருஷத்துக்கு ஒங்களுக்கு வேண்டிய நெல்லு நான் தாறேன்."

"நெல்லு எனக்கு வேண்டாம் லிங்கம். வண்டி போதும்."

வண்டி போனால் அடுத்த வீட்டு நெல்லைக் குத்தித்தான் மாமி கஞ்சி குடிக்க வேண்டும். அது பொன்னுலிங்கத்துக்கும் தெரியும். பேச்சு வளர்ந்து குமாரதாஸின் டீக்கடைக்குப் போயிற்று. ஊர் வழக்கெல்லாம் அங்கேதான் தீரும், அல்லது தீராமல் சூடாக இருக்கும். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அறுப்பு முடிந்து வைக்கோல் கிடக்கிறது. மேற்கே குழித்துறைப் பக்கம் வயல் குறைவு, மாட்டுக்கு வைக்கோல் வேண்டும். ஒரு பாரம் வைக்கோலை மாமி தனியாகக் குழித்துறைக்குக் கொண்டுபோய், மறுநாள் காலைச் சந்தைக்கு முன் இறக்க வேண்டும். வழியில் வேறு எவர் கையும் காளையின் கயிற்றில் படக்கூடாது, வண்டியில் தோள் கொடுக்கக்கூடாது. கொண்டு சேர்த்தால் வண்டி மாமிக்கு. இல்லையென்றால் பொன்னுலிங்கத்துக்கு.

பொன்னுலிங்கம் உடனே சம்மதித்தார். அவருக்கு அந்தக் காளையைத் தெரியும்.

காளையின் பெயர் செவலை. தக்கலையில் முத்துநாயகம் என்பவர் வீட்டில் கன்றிலிருந்து வளர்ந்தது. மாடு விற்கிறவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு மாட்டை மட்டும் கொடுப்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர் புதுக்கயிறு கொண்டு போவார். பகவதியப்பன் புதுக்கயிற்றை மறந்து போனார். நல்ல மனசுக்காரரான முத்துநாயகமும் பழைய கயிற்றோடேயே மாட்டைக் கொடுத்துவிட்டார். அதனால் மாடு அந்த வீட்டை விட்டு இன்னும் புறப்படவே இல்லை என்று பெரியவர்கள் சொன்னார்கள். காளையும் அப்படித்தான் நடந்துகொண்டது. தக்கலை வழியாக எப்போது போனாலும் ரோட்டை விட்டுச் சந்துக்குள் திரும்பி, முத்துநாயகம் வீட்டு முற்றத்தில் போய் நிற்கும். அடித்தாலும் நகராது. முத்துநாயகமே வந்து கயிற்றைப் பிடித்து ரோடு வரை கொண்டுவிட வேண்டும். அவர் பிடித்தால் பந்தயம் போயிற்று.

ஆகவே கடற்கரை வழிதான் என்று டீக்கடை முடிவு செய்தது. ராஜாக்கமங்கலம், மண்டைக்காடு, குளச்சல், கருங்கல். கோட்டாறுக்கு அப்பால் போகாதவர்கள்கூட எந்த இடத்தில் மணல் எவ்வளவு ஆழம் என்று சொன்னார்கள். மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வைக்கோலை அடுக்கினாள்.

முந்தின நாள் சாயங்காலம் பொன்னுலிங்கம் என்னைத் தனியே கூப்பிட்டார். "ஏலே, மைனி எந்த வழியா போறா?"

"ஊரே சொல்லுதே, கடக்கரை வழின்னு" என்றேன். ஊர் அப்படிச் சொன்னது உண்மை. மாமி என்ன சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

என்னிடம் மாமி சொன்னது வேறு. "கடக்கரை மணல்ல சக்கரம் பொதைஞ்சா தள்ளதுக்கு ஆளு வேணும் மக்கா. காத்து வேற வைக்கோலத் தூக்கும். தக்கலையில மாடு நிக்கும், அவ்வளவுதான். நிக்குத மாட்டுக்கு ஆளு வேண்டாம்."

விடியும் முன்னே மாமி புறப்பட்டாள். பொன்னுலிங்கம் பஸ் ஏறிக் குளச்சல் போய், வருகிற வண்டியெல்லாம் கண்ணில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

உச்சி வெயிலுக்குத் தக்கலை வந்தது. செவலை, யாரும் சொல்லாமலே, சந்துக்குள் திரும்பிற்று. வைக்கோல் பாரம் இரண்டு பக்கச் சுவரையும் துடைத்துக்கொண்டு போனது. முற்றத்தில் போய் நின்றது. முத்துநாயகம் துண்டை உதறிக்கொண்டு வந்து, வழக்கம்போலக் கயிற்றுக்குக் கை நீட்டினார்.

"கை வைக்காதீங்க அண்ணாச்சி!"

மாமி விஷயத்தைச் சொன்னாள். முத்துநாயகம் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க யாரு இருக்கா பிள்ளே? நான் ரோட்டுல விட்டுட்டு வந்திருதேன். எவனுக்குத் தெரியும்?" என்றார்.

"நான் இருக்கேன்லா" என்றாள் மாமி.

பிறகு பழைய கயிற்றை அவிழ்த்து அவர் பெண்சாதி முத்துக்கனியின் கையில் கொடுத்தாள். கொண்டுவந்திருந்த புதுக்கயிற்றைக் கட்டினாள். வழக்கத்தில் நேர்ந்த தப்பு தீர்ந்தது. எல்லோரும் காளையைப் பார்த்தார்கள். காளை கண்ணை மூடி அசைபோட்டது.

மாமி வண்டியை அவிழ்த்துப் போட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டி, தானும் கட்டுச்சோற்றைத் தின்றாள். வெயில் தாழ்ந்ததும் பூட்டினாள். மாடு நகரவில்லை. தட்டிக் கொடுத்தாள். கெஞ்சினாள். பகவதியப்பன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவையாம். இதற்குள் அக்கம்பக்கத்து ஆடுகள் வைக்கோலில் தக்கலையின் பங்கை எடுத்துக்கொண்டன. வெயில் மஞ்சளாயிற்று. மாமி சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

முத்துக்கனிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. உள்ளே போய்ப் புண்ணாக்குக் கரைத்த கழனித்தண்ணிச் சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எந்திரிட்டி. கயித்தத்தானே தொடப்பிடாது? நான் என் பாட்டுக்கு ரோட்டுல நடக்கப் போறேன். ஏலே செவலை, ஒனக்கு வேணும்னா வா, இல்லேன்னா கெட."

செவலை வந்தது. முத்துக்கனி முன்னால் நடந்தாள், சட்டி மணத்தது, காளை பின்னால் போயிற்று, வண்டியில் மாமி இருந்தாள். ரோடு வந்ததும் முத்துக்கனி நின்றாள். காளையும் நின்றது. அவள் நடந்தாள். அதுவும் நடந்தது. இப்படியே, வீட்டில் உலை வைத்தது மறந்து, மாட்டைத் திட்டிக்கொண்டு அழகியமண்டபம் வரை நடந்தாள். அங்கே சட்டியைக் கீழே வைத்தாள். செவலை அடிவரை நக்கிக் குடித்துவிட்டு, இனி அவளிடம் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் திரும்பிப் பார்க்காமல் மேற்கே நடந்தது.

"எவ்வளவு நன்றி பாரு" என்று முத்துக்கனி வெறும் சட்டியோடு பஸ்ஸுக்கு நின்றாள்.

ஊர் அடங்குகிற நேரத்தில் மாமி குழித்துறையில் வைக்கோலை இறக்கினாள். வெறும் வண்டியோடு கடற்கரை வழியாக ஊர் திரும்பியதும் நேரே டீக்கடை முன் வண்டியை நிறுத்தினாள். நடந்ததையெல்லாம், கழனிச்சட்டி உட்பட, ஒன்று விடாமல் சொன்னாள்.

பொன்னுலிங்கம் அங்கேதான் இருந்தார். குளச்சல் மணல் இன்னும் காதில் இருந்தது. "முத்துநாயகம் கயித்தப் பிடிக்கல்லேன்னு எவன் கண்டான்?" என்றார்.

"ஒருத்தரும் காணல்ல" என்றாள் மாமி. "நான் சொல்லல்லேன்னா ஒனக்குக் கழனிச்சட்டியும்தான் தெரியாது."

டீ ஆற்றிக்கொண்டிருந்த குமாரதாஸ் கையை நிறுத்தினார். "கயித்தத்தான் பேசினோம். தோளு குடுக்கதப் பேசினோம். சட்டியப் பத்தி ஒருத்தரும் பேசல்ல வேய்."

பொன்னுலிங்கம் காதிலிருந்த மணலைக் குடைந்தார்.

"நாளைக்கழிச்சு அடுத்த பாரம் ஏத்துகேன்" என்றாள் மாமி. "சந்தேகம் இருந்தா பொறத்தால நடந்து வா லிங்கம். எந்த வழின்னு நீயே சொல்லு, அந்த வழியே போவோம்."

பொன்னுலிங்கம் தன் காலைப் பார்த்தார். குளச்சல் மணலில் வண்டி தேடி அலைந்த கால் வீங்கியிருந்தது. டீக் கிளாஸுக்குள் சொல்வது போல, "பாத்து ஓட்டுங்க மைனி" என்றார்.

மாமிக்கு நின்று கேட்க நேரம் இல்லை. காளைக்குத் தண்ணி காட்ட வேண்டியிருந்தது. ஊர் நடுவில் முதல் தடவையாகக் கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.