சப்பை மூக்கு ஜாதி நாய்

காசிமேட்டில் மீன் விற்கிறேன். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு கூடைகூட ஏலத்தில் எடுத்ததில்லை. அப்பேர்ப்பட்ட நான், மகள் ஆசைப்பட்டாள் என்று, எம்.கே.பி. நகரில் நாய் விற்பவரிடம் 'பக்' என்கிற சப்பை மூக்கு ஜாதிக் குட்டி ஒன்றை முகத்தை மட்டும் பார்த்து வாங்கி வந்தேன்.

"சுத்தமான ரத்தம்க்கா. இதோட அப்பனும் அம்மாவும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. வெளி ரத்தம் கலக்கவே வுடல," என்றார். அதைக் கேட்டு எனக்கும் பெருமைதான்.

அது குறட்டை விட்டுத் தூங்குவதைத் தெருவே செல்போனில் படம் பிடித்துச் சிரித்தது. சித்திரை வெயிலில் ஒருநாள், தெருக்கோடி வரை நடந்ததற்கே நாக்கு நீலமாகிச் சுருண்டு விழுந்தது. ஈரச் சாக்கில் சுற்றி, ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினேன். எப்படியோ பிழைத்தது. மூக்குத் துவாரம் பிறவியிலேயே அடைப்பாம். நாங்கள் ரசித்த குறட்டை, அது மூச்சுக்குத் திணறிய சத்தம்.

விற்றவருக்குப் போன் போட்டேன்.

"அந்த ஜாதியே அப்பிடித்தான்க்கா. இதோட அம்மாவும் அடிக்கடி மயங்கி வுயுந்துகினுதான் கீது," என்றார் சாவகாசமாக. தெரிந்தேதான் அதைக் குட்டி போட வைத்திருக்கிறார். நான் கெட்டுப்போன மீனை விற்றால் கூடையோடு தூக்கி எறிவார்கள். இந்த ஆளின் வாசலிலோ, குட்டி வாங்க ஜனங்கள் காரில் வந்து காத்துக் கிடக்கிறார்கள்.

இப்போது எங்கள் தெருவில் யார் ஜாதி நாய் வாங்கப் போனாலும் நானும் கூடப் போகிறேன். குட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"இதோட அம்மாவ இட்டாந்து, இந்தத் தெருவுல ஒரு தபா ஓட வுடு நைனா," என்பேன் விற்பவரிடம்.

இதுவரை ஒருத்தரும் ஓடவிட்டுக் காட்டியதில்லை.