அந்தோனியாரிடம் விட்டுப்போன பாஸ்

தொண்ணூறுகளின் கடைசி. ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகிறவர்கள் கடற்படை தரும் பாஸ் வைத்திருக்க வேண்டும். என் கணவர் விடியலில் அந்த அட்டையை அந்தோனியார் சுரூபத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டு, பிறகு எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ஒருநாள் கும்பிட்டார், போய்விட்டார். பாஸ் அந்தோனியாரோடு நின்றுவிட்டது.

நான் கண்டபோது படகு கண்ணுக்கெட்டாத தூரம் போயிருந்தது. கரையில் காவலுக்கு நிற்பவனுக்கு அவர் முகம் தெரியும், தலையாட்டி விட்டிருப்பான். கடலில் மறிக்கும் ரோந்துப் படகுக்காரனுக்கு யாரைத் தெரியும்? அவரைப் பிடித்துக்கொண்டுபோனால் எங்கே என்று யாரிடம் போய்க் கேட்பது? வாசலில் நின்று அழுதேன்.

பக்கத்து வீட்டு அக்கா செபமாலையோடு வந்தார்.

"அழாதையும். அந்தோனியார் பாத்துக்கொள்ளுவார்."

"பாஸையே வாங்கி வைச்சுக்கொண்டு நிக்கிறார். அவர் என்னத்தைப் பாக்கிறது?" என்றேன்.

அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

நான் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பிக்கிறவள். பயம் வந்தால் அகராதியை விரிப்பேன். அன்று கை தானாக அந்தச் சொல்லுக்கே போனது. பாஸ் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சிலிருந்து வந்ததாம், பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் 'பஸ்ஸுஸ்' என்றால் ஓர் எட்டு. அதற்கும் பின்னால், எழுத்தே இல்லாத காலத்து வேர் ஒன்று: விரித்தல். காலை விரித்து அடுத்த அடியை வைப்பது, அவ்வளவுதான். எந்த அறுவான் இதைப் பிடித்து அட்டையாக்கினான் என்று வாய்விட்டே திட்டினேன். மனிசன் ஓர் எட்டு வைக்க இன்னொருவனிடம் சீட்டு வாங்க வேண்டுமாம். அகராதியை அடித்து மூடினேன். பிறகு திறந்து அதே வரியை வாசித்தேன். ஒன்றும் ஏறவில்லை. கடலில் இயந்திரச் சத்தம் கேட்டு ஓடினேன். அனலைதீவுக்குப் போகும் பயணிகள் படகு.

பின்னேரம் அவர் மீன் கூடையோடு, வழக்கம்போல வந்தார்.

"ஆரும் மறிச்சவங்களோ?" என்றேன்.

"ஓம். கிட்ட வந்து, என்ன மீன் எண்டு கேட்டிட்டுப் போட்டாங்கள். ஏன்?"

"பாஸ் கேக்கேல்லையோ?"

"கேட்டால் காட்டுறதுதானே," என்று சட்டைப்பையைத் தட்டினார். தட்டிய கை அங்கேயே நின்றது.

நான் அட்டையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கூடையோடு அப்படியே மணலில் இருந்துவிட்டார். காலையிலிருந்து நான் பட்ட பயம் அவருக்கு அப்போதுதான் தொடங்கியது.