கப்பல் நாடகமும் வெள்ளிக்கிழமைக் குரலும்

எவர்சில்வர் குண்டான் ஒன்று நினைவுக்கு வருகிறது. அதில் சோறோ குழம்போ இருந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை பிற்பகலில் வீட்டுக்கார அக்கா அதைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அடுப்பு மேடையில் வைத்து அதற்குள் தன் போனை நிறுத்துவாள். பாத்திரத்துக்குள்ளிருந்து அவள் கணவர் பாயின் குரல் கனத்து எழுந்து சமையலறையை நிறைக்கும். "அஸ்ஸலாமு அலைக்கும். ஜும்மா தொழுதுட்டு இப்பதான் ரூமுக்கு வந்தேன். நல்லா இருக்கேன்." அக்கா வெங்காயம் நறுக்கியபடியே அந்தக் குண்டானைப் பார்த்து, "வஅலைக்கும் ஸலாம்" என்பாள். வளைகுடாவில் இருக்கும் மனிதர் பக்கத்தில் நின்று பேசுவதுபோல இருக்கும். எனக்கு முதலில் அது பிடித்திருந்தது. பிறகு வெள்ளிக்கிழமை வந்தாலே சமையலறைப் பக்கம் போவதைத் தள்ளிப்போட்டேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். லாரியில் கிளீனர், ஈரோட்டில் சாயப்பட்டறை, துவாக்குடியில் வெல்டிங் பட்டறை என்று சுற்றியவன். எங்கேயும் அடுத்த மழைக்காலம் வரை தங்கியதில்லை. துவாக்குடியில் கண்ணில் பொறி பட்டுப் படுத்தேன். எழுந்தபோது என் இடத்தில் வேறு ஆள் நின்றான். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, பட்டறை நிற்காது. பிறகு சாப்பாடு டெலிவரிக்குச் சேர்ந்தேன். திருச்சியில் பாலக்கரைப் பக்கம் ஒரு சந்தில், மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே அக்கா தனியாக இருந்தாள். அவள் கணவர் வளைகுடாவில் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். அவரை நான் பாய் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஒரே மகளைக் காட்டூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

சாவி கொடுத்த அன்றே அக்கா சட்டம் போட்டாள். "தண்ணி காலைல மட்டும் வரும். மேல கறி ஆக்கலாம், குடிக்கக் கூடாது. டிவி பாக்கத் தெரியுமா?"

"டிவி பாக்கத் தெரியாதவன் யாருக்கா இருக்கான்?"

"எல்லாரும் பாக்குறாங்க. யாரு யார்கிட்ட என்ன பேசுறாங்கன்னு எவன் கவனிக்கிறான்?"

அவள் சொன்னது கப்பல் நாடகத்தைப் பற்றி. அவளுக்கு நிக்காஹ் ஆன புதிதில் தமிழ்க் குரல் கொடுத்து டிவியில் ஞாயிற்றுக்கிழமை வந்த பழைய வெளிநாட்டுத் தொடர் அது. கப்பல் என்றால் நட்சத்திரங்களுக்கு நடுவே போகிற கப்பல். இன்றைக்குப் பார்த்தால் சிரிப்பு வரும். சுவர் அட்டை, கருவிகளெல்லாம் சீரியல் பல்பு. பாய் ஒவ்வொரு விடுப்பிலும் சிடி தேடி வாங்கி அதை முழுசாகச் சேர்த்திருந்தார். பிறகு எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் ஏற்றிவிட்டார். மதிய வேலை முடிந்து நான் வந்தால், அக்கா ஒரு பாகம் போடுவாள். ராட்சதப் பூச்சிகள் கப்பலைத் தாக்கும் இடத்தில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் இடம் வந்ததும் ஈரக் கையோடு ஓடி வருவாள். அவளுக்கு அந்தக் கதையில் மூன்றே பேர்தான். கேப்டன், தரை நிலையத்தில் இருந்துகொண்டு அவனோடு பேசுகிற பெண், கப்பல் டாக்டர்.

கேப்டனும் அந்தப் பெண்ணும் ஒரே அறையில் இருந்து நாம் பார்ப்பதே இல்லை. தொலைவு கூடக் கூட அவன் குரல் வந்து சேரத் தாமதமாகும். இவள் ஒன்று சொல்வாள், அதற்கு முந்திக் கேட்டதன் பதில் அப்போது வரும். அந்தக் குழப்பத்திலேயே இருவருக்கும் ஒரு பழக்கம் உண்டாகி, அது அன்பாகிவிடும். கடைசிப் பருவத்தில் கேப்டனுக்குத் தீராத நோய். அவன் யாருக்கும் சொல்லாமல் தன் குரலைப் பேசிப் பேசிப் பதிந்து டாக்டரிடம் கொடுத்துவிட்டுச் சாகிறான். டாக்டர் அதை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே இருக்கிறான். அந்தப் பெண் தன் தாய் இறந்ததை, தலை நரைத்ததை எல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

இந்த இடத்தில்தான் அக்காவுக்கும் பாய்க்கும் கல்யாணக் காலத்திலிருந்து சண்டை. பாய்க்குக் கேப்டன் பெரிய மனிதன். சாகும்போதுகூட அவள் துணையில்லாமல் இருக்கக் கூடாது என்று நினைத்தவன். அக்காவுக்கு அவன் பெயரைக் கேட்டாலே ஆகாது. "அவ உசுரோட இருக்கிற மனுசன்கிட்ட பேசுறதா நெனச்சு ஒரு டப்பாகிட்ட பேசிட்டு இருந்தா தம்பி. அழ வேண்டிய நாள்ல அவளை அழ விடல. இதுக்குப் பேரு அன்பா?" டாக்டர் மேல் அதைவிடக் கோபம். "செத்தவன் சொன்னான்னு செஞ்சுட்டு இருந்தானே, இவன் ஒரு நாளாச்சும் அவ பேசுனதைக் கேட்டானா?"

என்னிடமும் தீர்ப்புக் கேட்டாள். எனக்காக எந்த ஊரிலும் யாரும் காத்திருந்ததில்லை. இதில் எனக்கு அனுபவம் போதாது. இருந்தாலும் எனக்குத் தோன்றியதைச் சொன்னேன். கேப்டன் அவளுக்காக அதைச் செய்யவில்லை. அவள் அழுவதைக் காதால் கேட்கிற தைரியம் அவனுக்கு இல்லை, அவ்வளவுதான். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "படிக்காமப் போயிட்டியே" என்றாள்.

பாய் தினமும் வீடியோவில் கூப்பிடுகிறவர். அந்த ஐப்பசியில் அது நின்றது. பாலைவனத்துக்குள் புது சைட், அங்கே சிக்னல் சரியில்லை, வெள்ளிக்கிழமை மட்டும் குரல் அனுப்புகிறேன் என்றார். அக்கா நம்பினாள். ஊரில் பாதி வீடுகளில் இதே கதைதான். குண்டான் அப்போதுதான் அடுப்பு மேடைக்கு வந்தது.

முதல் சில வெள்ளிகள் கழித்து அக்கா ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டாள். முகம் வீங்கிப் பேச முடியாமல், அந்தக் குழறலோடேயே அவருக்குக் குரல் அனுப்பினாள். அடுத்த வெள்ளி வந்த பதிலில் பல்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. "உடம்பப் பாத்துக்க" என்றார், எப்போதும் சொல்வதுபோல. அதற்கடுத்து மழையில் பின்பக்கச் சுவர் சரிந்தது. படம் எடுத்து அனுப்பினாள். வந்த குரல், "வீட்டுல எல்லாம் அப்படியே இருக்குல்ல?" என்று கேட்டது. அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். வழக்கமான பதில் சலாமை அன்று அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு அவள் டிவி போடுவதை நிறுத்தினாள். நான் படியேறும்போது அதே குரல் திரும்பத் திரும்பக் கேட்கும். ஒருநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். வந்த குரல்களை முதலில் இருந்து வரிசையாக ஓடவிட்டாள். வெளியே மழை. குண்டானுக்குள் ஒரு மனிதர் வாராவாரம் சலாம் சொன்னார். முதல் குரல் தெளிவாக இருந்தது. அடுத்ததில் லேசாகத் தொண்டை கட்டியிருந்தது. அதற்கடுத்ததில் கரகரப்பு. கடைசியில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் எச்சில் விழுங்கினார். எல்லாவற்றுக்கும் பின்னால், எங்கோ யாரோ சுவரில் துளை போடுகிற அதே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"வாரம் ஒரு தடவை பேசுற தொண்டை இது இல்ல தம்பி" என்றாள். "ஒரே மூச்சுல உக்காந்து பேசியிருக்காரு. இது கப்பல் நாடகம்."

கதையில் இதற்கு அடுத்து என்ன என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்வியை இருவருமே வாயால் கேட்கவில்லை. மகளிடம் சொல்லலாமா என்றேன். "வயித்துல புள்ளையோட இருக்கா. உறுதியாத் தெரியாம வாயத் திறக்காத" என்றாள்.

பாயின் நம்பருக்குக் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு குரல் பதிகிற பொத்தானை அழுத்திப் பிடித்து, தாழ்ந்த குரலில் பேசினாள். பாயிடம் பேசவில்லை. "டாக்டரு, கேப்டன் எங்க?"

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் வேலைக்குப் போயாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குச் சாம்பார் சாதம் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது காவிரிப் பாலத்தில் போன் அடித்தது. மழையில் வண்டியை ஓரம் கட்டினேன். கீழே ஆறு செம்மண் நிறத்தில் கரை முட்டிப் போய்க்கொண்டிருந்தது. "நீல டிக் விழுந்திருச்சு தம்பி. யாரோ கேட்டுட்டாங்க. பதில் வரல" என்றாள். வண்டியைத் திருப்பாமல் நேரே வீட்டுக்குப் போனேன். அன்றைய மிச்ச ஆர்டர்கள் வேறு யாருக்கோ போயின.

நான் சமையலறைக்குள் நுழைந்தபோது போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. பாயின் ரூம்மேட். புதுக்கோட்டைப் பக்கத்து ஆள். பாய் அவரையும் உட்காரவைத்துப் போனில் கப்பல் நாடகம் முழுவதும் காட்டியிருக்கிறார். அதனால்தான் கேள்வி அவருக்குப் புரிந்தது. அவர் அழுதுகொண்டே சொன்னார். "கிட்னி ரெண்டும் போயிருச்சும்மா. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்குக் காலைல உக்காந்து எல்லாத்தையும் பேசி வச்சாரு. எனக்கு ஒண்ணுன்னா இத வெள்ளிக்கு வெள்ளி அனுப்புன்னாரு. அவ நாடகம் பாத்தவ, பின்னாடி தெரிஞ்சாலும் புரிஞ்சுக்குவான்னாரு."

"இருக்காரா?" என்றாள் அக்கா.

"இருக்காரும்மா. ஐசியூல. ஆனா நெனவு இல்ல. இப்ப அங்கதான் நிக்கிறேன்."

"மிச்சம் எம்புட்டு இருக்கு?"

அவருக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. "ரமலான் வரைக்கும் பேசியிருக்காரும்மா."

"ஒண்ணும் அனுப்பாதீங்க. எல்லாத்தையும் அழிச்சுடுங்க." அவள் குரல் உயரவே இல்லை. "நர்ஸு கால்ல விழுந்தாவது உள்ள போங்க. போன அவர் மூக்குக்கிட்ட வைங்க. அவர் மூச்சு விடுற சத்தத்த அனுப்புங்க. இன்னிக்கு விடுற மூச்சு."

வெகுநேரம் கழித்து அது வந்தது. அக்கா அதைக் குண்டானுக்குள் வைத்தாள். ஏதோ ஒரு கருவி சீராக ஒலித்தது. அதற்கு அடியில், இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் ஒரு காற்று. ஒவ்வொரு தடவை அது நின்றபோதும் நாங்கள் இருவரும் நின்றோம். முடிந்ததும் அவள் மறுபடியும் ஓடவிட்டாள். அதற்குப் பிறகு தினமும் அந்த ரூம்மேட் பாயின் மூச்சை அனுப்பினார். ஒருநாள் பிந்தியது, அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தாள். டாக்டர் என்று அவள் கூப்பிட்டவர் அன்று நர்ஸிடம் ஏச்சு வாங்கி வெளியே நின்றிருக்கிறார்.

பாய் பிழைத்தார். திருச்சி விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் வந்தபோது பாதி ஆளாக இருந்தார். அக்கா அவர் கையைத் தொடவில்லை. "பிளேன்ல என்ன சாப்பாடு கொடுத்தாங்க?" என்று கேட்டாள். அவர் யோசித்து, "ரொட்டி. கடிக்க முடியல" என்றார். அதைக் கேட்ட பிறகே நாற்காலியைத் தள்ளினாள். அந்த வருஷமே நான் ஊரை விட்டுப் போனேன். காரணம் ஒன்றுமில்லை, எனக்குக் கால் நிற்காது.

இப்போது மறுபடியும் ஸ்ரீரங்கத்தில் லோடு வண்டி ஓட்டுகிறேன். போன வாரம் பாலக்கரைக்குப் போனேன். பாய் கூடத்தில் கட்டிலில் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் செய்யும் கையில் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. "எங்கடா சுத்திட்டு வர்ற? கல்யாணமாச்சும் பண்ணியா?" என்றார். இல்லை என்றேன். "பொழைச்ச" என்றார்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "ஏங்க, மழை வருதா?" வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. "இல்ல, வெயிலு" என்றார் பாய். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "தம்பி என்ன கலர் சட்டை போட்டிருக்கு?" "நீலம்." எனக்குப் புரிய நேரமாயிற்று. நல்லா இருக்கீங்களா, பசிக்குதா என்று அவள் கேட்பதே இல்லை. முன்கூட்டியே பேசி வைக்க முடியாத பதிலாகப் பார்த்துப் பார்த்துக் கேட்கிறாள்.

"நாள் முழுக்க இப்படித்தான்" என்று பாய் சிரித்தார். பிறகு சமையலறையைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கேப்டன் தப்புப் பண்ணலடா. அவ அழுவுறதக் கேட்டிருந்தா நான் அன்னிக்கே போயிருப்பேன்." கேப்டனைப் பற்றிய என் தீர்ப்பு சரிதான் என்பதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. பேசிய களைப்பில் அவர் கண்ணை மூடினார்.

"ஏங்க, வாசல்ல யாரு வண்டி நிக்குது?"

பதில் இல்லை. உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. அக்கா நிலைப்படி வரை வந்தாள். அதற்கு மேல் கால் வைக்கவில்லை. அவள் கண் அவர் நெஞ்சின் மேல் கிடந்த போர்வையில் இருந்தது. எனக்கும் அது அசைவதாகத் தெரியவில்லை.

"நீ கூப்பிடு தம்பி" என்றாள்.

"பாய்" என்றேன். மறுபடியும் சத்தமாக, "பாய்."

உதடு மெல்லப் பிரிந்தது. கண்ணைத் திறக்காமலே, "லோடு வண்டி. இவன் வந்தது" என்றார்.

அக்கா உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அடுத்த கேள்வி வர நேரமாயிற்று. பாயும் நானும் அதற்காகக் காத்திருந்தோம்.